குளிரில் காத்தலும் குளிரினின்று காத்தலும்: கல்லீரல் உயிரணுக்களுக்கான கரைசல்கள் – ஓர் ஒப்பீடு



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கல்லீரலைப் பற்றி உரையா என்னும் வியப்பு அவையோருள் சிலருக்கு எழக்கூடும். ஆயினும், ஈரலைத் தமிழ் மக்கள் தம் பேச்சினின்று என்றும் விலக்கி வைத்ததில்லை. பெருந்துயரச் செய்தி கேட்ட தாய் 'ஈரக்குலை நடுங்குகிறது' என்றே சொல்கிறாள். அதுபோலவே குளிர் என்னும் சொல்லையும் தமிழ் தனிப் பரிவோடு ஆண்டு வந்துள்ளது. கண் குளிரக் காண்கிறோம். மனம் குளிர வாழ்த்துகிறோம். பசித்தவனுக்குச் சோறிட்டால் வயிறு குளிர்ந்தது என்கிறோம். வெயில் மிகுந்த நாட்டில் குளிர் நன்மையின் பெயராயிற்று. இவ்வுரையின் பொருள், அந்த ஈரலும் அந்தக் குளிரும் சந்திக்கும் ஓரிடம். உடலினின்று பிரித்தெடுத்த கல்லீரல் உயிரணுக்களைக் குளிரில் வைத்துக் காப்பதற்கு அறிவியலார் ஆக்கிய கரைசல்களுள் எது சிறந்தது, ஏன் சிறந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

1. உயிரணுவும் அதன் தேவையும்

வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுடையது. அதன் பருமனில் பெரும்பகுதியாய் அமைவன கல்லீரலின் தலையாய உயிரணுக்கள். ஒரு கிராம் ஈரலில் இவை பத்துக் கோடி அளவில் உள்ளன. அம்மோனியாவை யூரியாவாக மாற்றுதல், இரத்தப் புரதங்களை ஆக்குதல், சர்க்கரையைச் சேர்த்து வைத்துத் தேவைக்குத் தருதல், மருந்துகளையும் நஞ்சுகளையும் மாற்றி வெளியேற்றுதல் ஆகிய தொழில்களை ஒவ்வோர் உயிரணுவும் தனித்தனியே செய்யவல்லது. எனவே உறுப்பு முழுவதும் இல்லாவிடினும் உயிரணுக்கள் மட்டும் கிடைத்தாலும் பயன் உண்டு.

இவ்வுயிரணுக்களை உயிரோடு பிரித்தெடுப்பது நெடுங்காலம் கைகூடாத செயலாக இருந்தது. ஈரலைக் கசக்கியும் வடிகட்டியும் பிரித்தால் கிடைத்தவை பெரும்பாலும் இறந்த உயிரணுக்களே. 1969-ஆம் ஆண்டு பெர்ரியும் ஃபிரெண்டும் கொல்லாஜனேஸ் என்னும் நொதியை ஈரலின் இரத்தக்குழாய் வழியாகவே செலுத்தி, உயிரணுக்களைப் பிணைக்கும் இணைப்புத் திசுவைக் கரைத்து, எலியின் ஈரலினின்று மிகுந்த எண்ணிக்கையில் உயிருள்ள அணுக்களைப் பெற்றனர். பின்னர் நார்வே நாட்டின் செக்லென் இம்முறையை இரண்டு படிகளாகச் செப்பம் செய்து 1976-இல் விரித்துரைத்தார். முதற்படியில் கால்சியம் இல்லாத கரைசல் அணுக்களின் பிடிப்பைத் தளர்த்தும். இரண்டாம் படியில் நொதி அவற்றை விடுவிக்கும்.

இவ்வாறு பெறும் உயிரணுக்கள் எதற்கு என்னும் வினாவிற்கு மருத்துவ வரலாறு விடை தருகிறது. 1994-இல் ஐதராபாத்தில் ஹபிபுல்லா குழுவினர், ஈரல் திடீரெனச் செயலிழந்த நோயாளிகளுக்கு உயிரணு மாற்றுச் சிகிச்சை செய்ததை வெளியிட்டனர். 1998-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஃபாக்ஸ் குழுவினர் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அளித்த சிகிச்சை உலகறிந்தது. கிரிக்லர்–நஜ்ஜார் நோய் என்னும் பிறவிக் குறையினால் அச்சிறுமியின் ஈரலில் பித்தநிறமியை மாற்றும் நொதி இல்லை. நாள்தோறும் நெடுநேரம் நீல ஒளியின் கீழ்ப் படுத்திருந்தால்தான் மூளை காக்கப்படும் என்னும் நிலை. கொடையாளி ஒருவரின் ஈரலினின்று பெற்ற எழுநூற்றைம்பது கோடி உயிரணுக்கள் அவளது ஈரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டன. முழு ஈரலின் அணுக்களுள் இவை நூற்றுக்கு ஐந்து என்னும் அளவினவே. எனினும் இரத்தத்தில் நிறமி குறைந்தது. ஒளியின் கீழ்க் கிடக்கும் நேரமும் குறைந்தது. பதினொரு திங்களுக்கு மேலும் அவ்வணுக்கள் தொழில் செய்தன. நோய் முற்றும் நீங்கவில்லை. ஆனால் வழி ஒன்று திறந்தது.

இவ்வழியில் ஒரு பெருந்தடை உண்டு. உயிரணுக்களுக்காகக் கிடைக்கும் ஈரல்கள் பெரும்பாலும் முழு மாற்று அறுவைக்குத் தகாதவை என ஒதுக்கப்பட்டவை. அவை எந்நாளில், எந்நேரத்தில், எவ்வூரில் கிடைக்கும் என்று யாரும் முன்னறிய இயலாது. நோயாளியோ வேறோர் ஊரில் இருப்பார். பிரித்தெடுத்த உயிரணு தன்னந்தனியாய் நீர்மத்தில் மிதக்கையில் மிக மெலிந்தது. சில மணி நேரத்திலேயே அதன் ஆற்றல் சரியத் தொடங்கும். திரவ நைட்ரஜனில் சுழிக்குக் கீழே 196 பாகை செல்சியசில் உறையவைத்தால் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். ஆனால் உறைந்து மீளும்போது பல அணுக்கள் மடிகின்றன, மீள்வனவும் முன்போல் ஒட்டி வளர்வதில்லை. எனவே உறையாத குளிரில், 4 பாகையில், சில நாள்களேனும் வைத்திருக்கும் முறை வேண்டப்படுகிறது. இதுவே சிக்கல்.

2. குளிர் செய்யும் நன்மையும் தீமையும்

வெப்பம் பத்துப் பாகை குறையுந்தோறும் உயிரணுவின் வேதிவினைகள் ஏறத்தாழ அரைப்பங்காகின்றன. 37 பாகையினின்று 4 பாகைக்கு இறங்கும்போது அவை பத்தில் ஒரு பங்கு அளவிற்குத் தணியும். தேவை குறைவதால் உணவும் உயிர்வளியும் இல்லாத நிலையைச் சிறிது காலம் தாங்க முடிகிறது. குளிரின் நன்மை இதுவே.

தீமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். உயிரணுவைச் சிறு ஓட்டையுள்ள படகாகக் கருதலாம். உட்புகும் நீரை ஒருவன் ஓயாது இறைத்துக்கொண்டே இருப்பதால் படகு மிதக்கிறது. உயிரணுவில் இறைப்பவன், படலத்தில் அமைந்த சோடியம்–பொட்டாசியம் ஏற்றி என்னும் புரதம். டென்மார்க் அறிஞர் ஸ்கோ 1957-இல் கண்டறிந்து, 1997-இல் நோபல் பரிசு பெற்ற பொருள் அது. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கிறது. குளிரில் அதன் கை ஓய்கிறது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. சோடியமும் குளோரைடும் உட்புகுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீர் புகுகிறது, உயிரணு வீங்குகிறது. உப்பிட்ட மாவடு நீரை வெளியிட்டுச் சுருங்குவதை இல்லந்தோறும் காண்கிறோம். உப்பு எப்பக்கம் மிகுகிறதோ நீர் அப்பக்கம் செல்லும் என்னும் அதே நெறிதான் இங்கும். மாவடுவில் உப்பு வெளியே, குளிருற்ற உயிரணுவில் உப்பு உள்ளே.

வீக்கமே உயிரணுவின் முதற்பகை என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை. கரைசல்களின் வரலாறு பெரும்பாலும் இக்கொள்கையின் வரலாறே.

3. உறுப்புக்கென ஆக்கிய கரைசல்கள்

1969-இல் கலிஃபோர்னியாவில் காலின்ஸ் ஆக்கிய கரைசல் முன்னோடியானது. உயிரணுவிற்குள் உள்ளதுபோலவே வெளியிலும் பொட்டாசியத்தை மிகுவித்தால் அயனிகள் இடம் மாற நேராது என்பது அதன் கருத்து. அதில் வைத்த சிறுநீரகம் பனிக்கட்டிக் குளிரில் முப்பது மணி நேரம் தாங்கியது. பின்னர் ஐரோப்பாவில் அதன் திருத்த வடிவம் பரவிற்று. அக்கரைசலில் வீக்கத்தைத் தடுக்க வைத்த பொருள் குளுக்கோஸ். சிறுநீரகத்திற்கு அது போதுமாயிருந்தது. ஈரலின் உயிரணுவோ குளுக்கோசைத் தடையின்றி உள்ளே விடும் இயல்புடையது. வாயிற்காவலனே வீட்டிற்குள் சென்றுவிட்டால் காவல் ஏது? எனவே ஈரலுக்கு இக்கரைசல் பொருந்தவில்லை.

இக்குறையை உணர்ந்து நீக்கியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெல்சரும் சதர்டும் ஆவர். 1980-களின் பிற்பகுதியில் வந்த அவர்களது கரைசல் அப்பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வழங்குகிறது. உயிரணுவிற்குள் எளிதில் நுழையாத பெரிய மூலக்கூறுகளாகிய லாக்டோபயோனேட், ராஃபினோஸ் ஆகிய இரண்டும் அதன் முதுகெலும்பு. லிட்டருக்கு 50 கிராம் அளவில் மாவுப்பொருள் வழிவந்த ஒரு கூழ்மமும் உண்டு. உயிர்வளியின் நச்சு வடிவங்களைத் தடுக்கக் குளுட்டதயோனும் அல்லோப்யூரினாலும், ஆற்றலை மீட்க அடினோசினும் சேர்க்கப்பட்டன. இதன் வருகைக்கு முன் கொடையாளியின் ஈரலை எட்டு மணி நேர அளவிற்குள் பொருத்தியாக வேண்டும். இதன் பின்னர் ஒரு பகலும் இரவும் என்னும் எல்லை வரை காலம் நீண்டது. நள்ளிரவில் பதற்றத்தோடு நடந்த அறுவைகள் திட்டமிட்டு நடக்கலாயின. தொலைவிலுள்ள ஊர்களுக்கும் ஈரல் சென்று சேர்ந்தது.

செருமனியின் பிரெட்ஷ்னைடர் இதய அறுவைக்கென ஆக்கிய கரைசல் வேறொரு நெறியில் அமைந்தது. சோடியமும் பொட்டாசியமும் அதில் குறைவு. உயிர்வளி இன்றி உயிரணு இயங்குகையில் உண்டாகும் அமிலத்தை ஏற்றுத் தணிக்க ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது; டிரிப்டோஃபேனும் கீட்டோகுளுட்டரேட்டும் சிற்றளவில் உள்ளன. கூழ்மம் இல்லாமையால் நீர்போல் எளிதில் ஓடி உறுப்பை விரைவில் குளிர்விக்கும். விஸ்கான்சின் கரைசலோ சற்றுக் கெட்டியானது. 1994-இல் பிரான்சில் வந்த செல்சியர் இவ்விரண்டின் நற்கூறுகளையும் இணைக்க முயன்றது. லாக்டோபயோனேட்டும் ஹிஸ்டிடினும் அதில் ஒருங்கே உள்ளன. சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகர ஆய்வாளர்கள் லாக்டோபயோனேட்டுக்கு மாற்றாகக் குளுக்கோனேட்டையும், கூழ்மத்திற்கு மாற்றாகப் பாலிஎதிலீன் கிளைக்காலையும் கொண்டு ஒரு கரைசலை ஆக்கி ஈரல் உயிரணுக்களில் ஆய்ந்தனர்.

4. உறுப்பு வேறு, தனித்த உயிரணு வேறு

மேற்கண்ட கரைசல்களுட் பல முழு உறுப்பை எண்ணி ஆக்கப்பட்டவை. அவற்றுள் தனித்த உயிரணுக்களை இட்டு வைப்பது இயல்பாக எழுந்த எண்ணமே. ஆயின் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. உறுப்பில் உயிரணு தன் சுற்றத்தோடு பிணைந்திருக்கிறது; இரத்தக்குழாயும் இடைவெளியும் உண்டு; அவ்விடைவெளியில் நீர் தேங்காதிருக்கவே கூழ்மம் சேர்க்கப்பட்டது. மிதக்கும் உயிரணுவிற்குக் குழாயும் இல்லை, இடைவெளியும் இல்லை. மேலும் நொதியால் அறுபட்டுப் பிரிந்த அது, குளிருக்குள் செல்லும் முன்னரே புண்பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் செருமனியின் எசன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராவென், டி குரூட் ஆகியோரின் ஆய்வுகள் கருதத்தக்கவை. 1990-களின் பிற்பகுதி முதல் அவர்கள் எழுப்பிய வினா எளியது: குளிரில் உயிரணு இறப்பது உயிர்வளி இன்மையாலா, குளிராலேயா? ஈரல் உயிரணுக்களுக்கு உயிர்வளி தாராளமாகக் கிடைக்கச் செய்து குளிரில் வைத்தபோதும் அவை இறந்தன. ஆக, குளிர் தானே ஒரு கொல்லி என்பது தெளிவாயிற்று.

அக்கொல்லியின் படைக்கலம் இரும்பு. ஈரல் உடலின் இரும்புக் கிடங்கு. இயல்பான நிலையில் அந்த இரும்பு புரதத்துள் அடங்கிக் கிடக்கும். குளிரில் கட்டற்ற இரும்பின் அளவு கூடுகிறது. உயிரணுவில் எப்போதும் சிறிதளவு தோன்றும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அது சேர்ந்தால், 1894-இல் ஃபென்டன் கண்ட வினையின்படி மிகக் கொடிய நச்சு உறுப்புகள் தோன்றிப் படலங்களையும் ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்ட்ரியாக்களையும் சிதைக்கின்றன. குளிரில் அடங்கியிருப்பதுபோல் தோன்றும் இக்கேடு மீண்டும் வெப்பம் பெறும்போது முழுவீச்சில் வெளிப்படுகிறது. இரும்பைப் பற்றிக்கொள்ளும் டெஃபெராக்சமின் போன்ற பொருள்களைச் சேர்த்தபோது இறப்பு பெரிதும் தடைப்பட்டது. அடிக்கடி இரத்தம் ஏற்றப்படுவதால் உடலில் இரும்பு மிகும் தலசீமியா நோயாளிகளுக்கு நெடுங்காலமாக அளிக்கப்பட்டுவரும் மருந்து இது என்பது குறிப்பிடத்தக்கது.

நன்மைக்கெனச் சேர்த்த ஹிஸ்டிடினும் இரும்பின் துணையோடு ஈரல் உயிரணுவிற்குத் தீங்கு செய்யவல்லது என 2007-இல் இக்குழுவினர் காட்டினர். அதன் இடத்தில் அசெட்டைல் ஹிஸ்டிடின் என்னும் மாற்றுப்பொருள் வைக்கப்பட்டது. ஓர் உறுப்பிற்குத் துணையாயிருந்த பொருள் மற்றோர் உயிரணுவிற்குப் பகையாகலாம் என்பது இதனால் பெறப்படும்.

5. ஒப்பிடும் அளவுகோல்

கரைசல்களை ஒப்பிடுமுன் எதனால் ஒப்பிடுவது என்று துணிய வேண்டும். பழக்கமான சோதனை டிரைபான் நீலம். படலம் சிதைந்த உயிரணு அச்சாயத்தை ஏற்று நீலமாகும். சிதையாதது சாயமேறாமல் ஒளிரும். எளிய சோதனை, ஆனால் அது சொல்வது, இக்கணத்தில் படலம் கிழியவில்லை என்பது மட்டுமே. உள்ளிருக்கும் நொதி வெளியே கசிந்ததா என்று அளப்பதும் அதே வகையினதுதான்.

குளிரினின்று எடுத்த உடனே சாயமேறாத உயிரணு, வெப்பம் பெற்ற சில மணி நேரத்தில் இறக்கலாம். இறவாதிருப்பினும் தட்டில் ஒட்டாது மிதக்கலாம். ஒட்டாத ஈரல் உயிரணு நிலைப்பதில்லை. ஆகவே குளிரில் இருக்கும்போது நேரும் இறப்பு, வெப்பம் பெறும்போது நேரும் இறப்பு, ஒட்டும் ஆற்றலின் இழப்பு என மூன்றையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒட்டியபின் யூரியா ஆக்குகிறதா, சர்க்கரை தருகிறதா என்பதும் காண வேண்டும். வைத்திருத்தல் வேறு, காத்தல் வேறு என்று தமிழ் பகுத்துச் சொல்லும் நுட்பம் இங்கு முற்றும் பொருந்துகிறது.

6. 2012-ஆம் ஆண்டு ஒப்பாய்வு

இவ்வளவுகோல்களை எல்லாம் ஒருங்கே கொண்டு பிளெஸ்–பெட்டிக், சிங்கர், ராவென் ஆகியோர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலியின் ஈரல் உயிரணுக்களை மிதக்கும் நிலையில், உயிரணு வளர்ப்பு ஊடகத்திலும், உறுப்புக் காப்புக் கரைசல்களிலும், அசெட்டைல் ஹிஸ்டிடின் அடிப்படையிலான புதிய கரைசலின் பல திருத்த வடிவங்களிலும் 4 பாகையில் ஒரு வாரம் வைத்து ஒப்பிட்டனர். முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, குளிரில் நேர்ந்த இறப்பு வீக்கத்தைப் பொறுத்ததன்று. கிளைசின், அலனைன் என்னும் இரு சிறிய அமினோ அமிலங்கள் இருந்தாலே அவ்விறப்பு ஏறத்தாழ முற்றும் தடைப்பட்டது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். பெருமூலக்கூறுகளைக் கொண்டு மதில் எழுப்பிய பழைய கொள்கைக்கு முன் இவை துரும்பென நின்றவை.

இரண்டாவது, ஒட்டும் ஆற்றலைக் காத்தவை வேறு கூறுகள். குளோரைடு குறைந்த கரைசல்களும் இரும்பைப் பற்றும் பொருள்களும் சேர்ந்தபோது உயிரணுக்கள் பெருமளவில் ஒட்டின.

மூன்றாவது, குளோரைடு குறைந்து, பொட்டாசியம் மிகுந்து, கிளைசினும் அலனைனும் இரும்புப் பற்றிகளும் சேர்ந்த கரைசலில் ஒரு வாரம் இருந்த உயிரணுக்கள், குளிரில் வையாதவற்றோடு ஒப்பிட நூற்றுக்கு 75 என்னும் அடர்த்தியில் ஒட்டி வளர்ந்தன. அவற்றின் வளர்சிதை மாற்றமும் ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. சில மணி நேரம் என்னும் எல்லை ஏழு நாளாக விரிந்ததை எண்ணுகையில் இதன் பெருமை விளங்கும்.

ஒவ்வொரு கேட்டிற்கும் ஒவ்வொரு காப்பு வேண்டியிருந்தது என்பதே இவ்வாய்வின் சாரம். கிளைசின் ஒன்றைக் கொண்டு ஒட்டும் ஆற்றலைக் காக்க இயலாது. இரும்புப் பற்றி ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் தடுக்கவும் இயலாது.

எனினும் ஓர் எல்லைக்கோடு இங்கு இடப்பட வேண்டும். இது நலமான எலியின் ஈரலில் கண்ட முடிவு. மருத்துவத்திற்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட மனித ஈரல், கொழுப்பேறியதாக இருக்கலாம், ஏற்கெனவே பல மணி நேரம் பனிக்கட்டியில் கிடந்ததாகவும் இருக்கலாம். ஒட்டுமொத்தமாக ஒரு கரைசலே எல்லா உயிரணுவிற்கும் உரியது என்று துணிவது, குளுக்கோசை நம்பி ஈரலை இழந்த பழைய பிழையை மீண்டும் செய்வதாகும்.

முடிவுரை

விஸ்கான்சின் கரைசல் முழு ஈரலுக்கு அருந்துணை; அதன் புகழ் குறையாது. பிரெட்ஷ்னைடர் கரைசல் எளிதில் ஓடிக் குளிர்விப்பதில் சிறந்தது. தனித்த உயிரணுவிற்கோ அதன் நோவை அறிந்து ஆக்கிய கரைசலே உரியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வீக்கம் என்னும் ஒரு பகைவனையே நோக்கி நின்ற ஆராய்ச்சி, பின்னாலிருந்து தாக்கிய இரும்பைக் காண நெடுநாள் பிடித்தது. கண்ணுக்குத் தெரியும் மாற்றமே காரணம் என்று கொள்ளும் பழக்கம் அறிவியலாரையும் விடவில்லை. அப்பழக்கத்தை ஐயுற்றவர்களாலேயே வழி பிறந்தது.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயம் இன்னும் சிலரிடம் உண்டு. வேதிப்பொருள்களின் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே வந்தன, அதில் குறையில்லை. ஆனால் ஓட்டைப் படகும், உப்பிட்ட மாவடுவும், வைத்திருத்தலுக்கும் காத்தலுக்கும் உள்ள வேறுபாடும் தமிழின் உடைமைகள். ஒரு கொடையாளியின் குடும்பம் தாங்கொணாத் துயரின் நடுவே ஈரலைத் தர இசையும்போது, அந்த ஈரல் எங்கே போகிறது, எவ்வாறு காக்கப்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதை அக்குடும்பத்திற்கு அதன் தாய்மொழியில் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். விளங்காத சொற்களின் முன் கையெழுத்திடுவதும், விளங்கிக் கொடுப்பதும் ஒன்றல்ல. அந்த விளக்கத்தைத் தருவது மருத்துவரின் கடமை மட்டுமன்று. தமிழ் பயின்றோர் கடமையும் ஆகும். இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய பொருள்களும் இம்மேடையில் இடம்பெறுமாயின், கேட்போர் மனம் குளிரும்.